வீடியோ எடிட்டிங்கில் மட்டும் கிராஷ் ஆகும் லேப்டாப்: மதர்போர்டை மாற்றித் தரக் கோரும் புகார்

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வாரண்டியில் உள்ள லேப்டாப்பின் ரேமில் (நினைவகத்தில்) பழுது இருந்தும் சர்வீஸ் சென்டர் அதை ‘சாஃப்ட்வேர் பிரச்சினை’ என்று சொல்லித் திருப்பி அனுப்புவது குறித்து

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் பணம் கட்டி வாங்கிய லேப்டாப் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பில், வாரண்டி விவரம், சர்வீஸ் சென்டர் கொடுத்த ஜாப் ஷீட்டுகள் எல்லாம் இணைப்பில் இருக்கின்றன. புகார்ப் படிவத்தில் தமிழிலும் எழுதலாம் என்று போட்டிருக்கிறீர்கள், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். படிப்பவருக்கு ஹார்டுவேர் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். இதுவரை நான் பேசிய யாரும் விஷயத்தைக் கடைசிவரை காதில் வாங்கவே இல்லை.

நான் மும்பை தாராவியில் இருந்து தொழில் செய்யும் வீடியோ எடிட்டர். பெரும்பாலும் கல்யாணம், சடங்கு, வளைகாப்பு, கோயில் திருவிழா. மாட்டுங்கா, செம்பூர், சயான் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள்தான் அதிகம். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு மூன்று கேமரா ஓடும், எல்லாம் 4கே, 10 பிட். அதற்காகவே 13-ஆம் தலைமுறை ஐ7 பிராசஸர், 32 ஜிபி ரேம், 8 ஜிபி கிராஃபிக்ஸ் என்று பார்த்துப் பார்த்து இந்த மாடலை எடுத்தேன். உங்கள் விளம்பரத்தில் ஒரு பெண் கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு சினிமாவே எடிட் செய்கிறார். எனக்கு வீட்டில் ஃபேனுக்கு அடியில் ஒரு கல்யாண வீடியோ ஒழுங்காக ஓடினால் போதும்.

ஓடவில்லை. டைம்லைனில் கிளிப்புகளை அடுக்கி, கலர் ஏற்றி, கொஞ்ச நேரம் வேலை செய்தால் சில சமயம் எடிட்டிங் மென்பொருள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்கிறது. சில சமயம் நீலத்திரை வந்து மெஷினே ரீஸ்டார்ட் ஆகிறது. நீலத்திரையில் காட்டும் காரணமும் ஒரே மாதிரி இல்லை. ஒரு நாள் ‘மெமரி மேனேஜ்மென்ட்’, இன்னொரு நாள் ‘பேஜ் ஃபால்ட்’, அப்புறம் ‘ஐஆர்க்யூஎல்’. ஆனால் பிரவுசர், வாட்ஸ்அப், யூடியூப் என்று நாள் முழுக்க ஓட்டினாலும் ஒன்றும் ஆவதில்லை. இதைப் பிடித்துக்கொண்டுதான் உங்கள் ஆட்கள் “மெஷின் நல்லாத்தான் இருக்கு சார், எடிட்டிங் சாஃப்ட்வேர்லதான் கோளாறு” என்கிறார்கள்.

கிராஷ் ஆவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆட்டோசேவ் இருக்கிறது. அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. மாட்டுங்காவில் நடந்த ஒரு கல்யாணத்தை எக்ஸ்போர்ட் செய்து டிவியில் போட்டுப் பார்க்கிறேன். மாப்பிள்ளை தாலியைப் பெண்ணின் கழுத்தருகே கொண்டுபோகும் இடத்தில், பெண்ணின் தோள்பட்டை மேல் பச்சை நிறத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள். ஒரே ஒரு ஃபிரேம்தான், கெட்டிமேளம் உச்சத்தில் இருக்கும்போது பளிச்சென்று வந்து போகிறது. கார்டில் உள்ள ஒரிஜினலை வேறு மெஷினில் போட்டு ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. அதே டைம்லைனை மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் தாலி கட்டும் இடம் சரியாகிவிட்டது, ஆனால் ரிசப்ஷனில் யாரோ மொய்க்கவர் கொடுக்கும் இடத்தில் புதிதாக ஒரு சதுரம். மென்பொருளில் பிழை என்றால் அதே இடத்தில் அதே மாதிரி திரும்ப வரவேண்டும் இல்லையா? ஒவ்வொரு தடவையும் இடம் மாறினால், நீலத்திரையின் காரணமும் மாறினால், சந்தேகப்பட வேண்டியது ஹார்டுவேரைத்தான். இது எங்கள் தொழிலில் அசிஸ்டென்டாக இருக்கும் பையனுக்குக்கூடத் தெரியும்.

இருந்தாலும் உங்களிடம் வருவதற்கு முன் மென்பொருள் பக்கம் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டேன். பழைய கிராஃபிக்ஸ் டிரைவரை சேஃப் மோடில் வைத்து டிடியு என்ற டிரைவர் நீக்கும் கருவி கொண்டு அடியோடு துடைத்துவிட்டு, என்விடியாவின் ஸ்டுடியோ டிரைவரைப் புதிதாகப் போட்டேன். மீடியா கேஷை அழித்தேன். பிளக்-இன்களைக் கழற்றினேன். ப்ராக்ஸி (கிளிப்புகளின் சிறிய நகல்) போட்டு ஓட்டினேன். கிராஃபிக்ஸ் கார்டுக்கு வேலையே கொடுக்காமல் டீகோடிங்கையும் எக்ஸ்போர்ட்டையும் பிராசஸரிலேயே ஓடவிட்டேன். அப்போதும் பச்சைச் சதுரம் வந்தது. கடைசியில் வேறொரு நிறுவனத்தின் எடிட்டிங் மென்பொருளில் அதே வேலையைச் செய்தேன். அதுவும் விழுந்தது. இரண்டு தனித்தனி நிறுவனங்கள் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு என் ஒருவனுடைய லேப்டாப்பில் மட்டும் பிழை வைத்திருக்க வாய்ப்பில்லை.

அப்புறம்தான் மாஹிமில் லோக்கல் ட்ரெயின் ஏறி அந்தேரியில் உள்ள உங்கள் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவரிடம் நீலத்திரை, பச்சைச் சதுரம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜாப் ஷீட்டில் எழுதியது ஒரே வார்த்தை: ‘ஸ்லோ’. ஸ்லோ என்று நான் சொல்லவே இல்லை. திருத்தச் சொன்னதற்கு, சிஸ்டத்தில் இருக்கிற லிஸ்ட்டில் அதுதான் கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்றார். லேப்டாப் திரும்பி வந்தபோது ஷீட்டில் ‘பழுது எதுவும் இல்லை, விண்டோஸ் மறுபடி நிறுவப்பட்டது’ என்று இருந்தது. கூடவே ஒரு ரிப்போர்ட். மெமரி டெஸ்ட்: குயிக். நேரம்: 4 நிமிடம். முடிவு: பாஸ். 32 ஜிபி ரேமை 4 நிமிடத்தில் பாஸ் செய்வது, சாம்பார் கொதிக்கும் முன்பே உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

என்னைக் கேட்காமல் எஸ்எஸ்டி-யை (லேப்டாப்பின் உள்சேமிப்பகத்தை) அழித்ததும் தனிக் குறை. ஃபுட்டேஜ் எல்லாம் வெளி டிரைவில் இருந்ததால் யாருடைய கல்யாணமும் தொலையவில்லை. ஆனால் லைசென்ஸ், ஃபான்ட், கலர் செட்டிங் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. இவ்வளவும் செய்து முடித்து முதல் எக்ஸ்போர்ட் கொடுத்தால், பாதியிலேயே நீலத்திரை.

இனிமேல் சொல்வதைத்தான் உங்கள் தொழில்நுட்பப் பிரிவு கவனமாகப் படிக்க வேண்டும். மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனைக் கருவியை பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்கே போகாமல் அதிலிருந்து பூட் செய்து ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். விண்டோஸும் இல்லை, டிரைவரும் இல்லை, எடிட்டிங் மென்பொருளும் இல்லை. காலையில் திரை சிவப்பாக இருந்தது. பிழைகள் எல்லாம் ரேமின் மேல் பகுதியில், 22 ஜிபியைத் தாண்டிய முகவரிகளில். எழுதியது ஒன்று, திரும்பப் படிக்கும்போது வருவது வேறொன்று. ஒவ்வொரு முறையும் அதே ஒரு பிட்தான் (தகவலின் மிகச் சிறிய துண்டு) புரண்டிருக்கிறது. திரையைப் புகைப்படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

இதை மேலும் உறுதி செய்துகொள்ள இன்னொன்றும் செய்தேன். விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் என்ற செட்டிங் கருவியைத் திறந்து, பூட் பகுதியில் மேக்ஸிமம் மெமரியை 16384 எம்பி (16 ஜிபி) என்று கட்டினால், விண்டோஸ் அந்த எல்லைக்கு மேலே உள்ள ரேமைத் தொடாது. அப்படிக் கட்டியதும் கிராஷ் நின்றுவிட்டது. நீலத்திரை இல்லை, பச்சைச் சதுரம் இல்லை. டைம்லைன் ஊர்ந்துதான் போகிறது, ஆனால் விழவில்லை. கட்டை அவிழ்த்து 32 ஜிபியையும் திறந்துவிட்டேன், அன்றைக்கே விழுந்தது. மறுபடி கட்டினேன், நின்றது. பிரவுசரில் ஒன்றும் ஆகாமல் எடிட்டிங்கில் மட்டும் விழுவது ஏன் என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சாதாரண வேலைக்கு ரேமில் கொஞ்சம் போதும், பழுதான இடத்தில் முக்கியமான எதுவும் போய் உட்காரும் வாய்ப்பு குறைவு. மூன்று கேமரா 4கே ஓடும்போது ரேம் முழுக்க நிரம்புகிறது, பழுதான இடத்துக்கும் வேலை வந்துவிடுகிறது. அங்கே விண்டோஸின் சொந்தத் தகவல் உட்கார்ந்தால் நீலத்திரை, மென்பொருளின் தகவல் உட்கார்ந்தால் கிராஷ், படத்தின் தகவல் உட்கார்ந்தால் பச்சைச் சதுரம்.

ஆக, 32 ஜிபிக்குக் காசு கொடுத்துவிட்டு இன்றைக்கு 16 ஜிபியில் பிழைப்பு நடத்திக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் படங்களை எல்லாம் சர்வீஸ் சென்டரில் காட்டியபோது, வெளி நிறுவனத்தின் டூலில் எடுத்த ரிசல்ட்டை ஏற்க முடியாது என்றார்கள். சரி, நியாயம்தான் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் லேப்டாப்பின் பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருளில்) நீங்கள் கொடுத்திருக்கும் டயக்னாஸ்டிக்கில் ‘எக்ஸ்டெண்டட்’ என்று ஒரு மெமரி டெஸ்ட் இருக்கிறது. அதை ஓடவிட்டேன். ‘ஃபெயில்’ என்று காட்டி ஒரு எரர் கோடும் கொடுத்தது. அந்தப் படமும் இணைப்பில் உள்ளது. நீங்களே செய்து கொடுத்த டூல் சொல்வதையுமா உங்கள் சர்வீஸ் சென்டர் நம்பாது?

அதைக் காட்டியதும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. தாராவி என்றதும், அங்கே கரண்ட் ஏற்ற இறக்கமாக இருக்கும், வீட்டில் காற்றோட்டம் இருக்காது, சூட்டில் போயிருக்கும் என்று ஆரம்பித்தார்கள். என் வீட்டைப் பார்க்காமலே இதைச் சொன்னார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். லேப்டாப் யுபிஎஸ்ஸில்தான் ஓடுகிறது. சூட்டைப் பற்றி எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்புக் கருவியின் பதிவு வைத்திருக்கிறேன்: முழு எக்ஸ்போர்ட் ஓடும்போது பிராசஸர் அதிகபட்சம் தொட்டது 86 டிகிரி. அந்த பிராசஸருக்கு வரம்பு 100 டிகிரி. 16 ஜிபியில் கட்டி ஓட்டும்போதும் ஏறக்குறைய இதே சூடுதான், ஆனால் கிராஷ் இல்லை. சூடுதான் காரணம் என்றால் அப்போதும் விழவேண்டுமே.

லேமிங்டன் ரோட்டில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் விசாரித்தேன், திறந்து பார்க்க விடவில்லை. வாரண்டி போய்விடக் கூடாது. அவர் மாடல் பெயரைக் கேட்டதுமே சிரித்தார். இதில் ரேம் ஸ்லாட் கிடையாது, மதர்போர்டிலேயே பற்றவைத்தது. ஸ்லாட்டில் செருகும் ரேம் என்றால் கழற்றி வேறு போட்டு ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். இதில் ரேமின் ஒரு மூலை போனாலும் சாதாரணமாக போர்டையே மாற்றுவார்கள். பிராசஸரும் கிராஃபிக்ஸும் அதே போர்டில்தான் இருக்கின்றன. எல்லோரும் ஏன் ‘சாஃப்ட்வேர்’ என்ற வார்த்தையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. என் ஊகம் தவறாக இருந்தால் சந்தோஷம். ஆனால் ரேமைப் பற்றவைத்து விற்பது நீங்கள் எடுத்த முடிவு. அதன் செலவு என் தலையில் விழக் கூடாது.

எனக்கு வேண்டியது இதுதான். வாரண்டியின் கீழ் மதர்போர்டை மாற்றிக் கொடுங்கள். மாற்றிய போர்டில் எக்ஸ்டெண்டட் டெஸ்ட்டை முழுதாக ஓட்டி, அந்த ரிப்போர்ட்டைக் கையில் கொடுங்கள். குயிக் டெஸ்ட் வேண்டாம். என் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் எஸ்எஸ்டி-யைத் தொடக் கூடாது. ஜாப் ஷீட்டில் ‘ஸ்லோ’ என்பதை நீக்கி, ‘நினைவகப் பழுது’ என்று பதிவு செய்யுங்கள், நாளைக்கு வாரண்டி முடிந்த பிறகு இதே பிரச்சினை வந்தால் எனக்கு ஆதாரம் வேண்டும். சர்வீஸ் சென்டரில் கிடந்த நாட்களை வாரண்டியில் சேர்த்துக் கொடுங்கள். டெலிவரி தேதிக்காக வெளியே வாடகைக்கு எடுத்த டெஸ்க்டாப்புக்கான ரசீதுகளையும் வைத்திருக்கிறேன். அந்தத் தொகையை ஈடுகட்டுவது பற்றி நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள். அதே மாடல் போர்டு கிடைக்கவில்லை என்றால், அதே அல்லது கூடுதல் திறன் உள்ள மாற்று லேப்டாப் கொடுக்கலாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் ஏற்பேன்.

உங்கள் இணையதளத்திலேயே வாங்கியதால், 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு இணைய வணிக விதிகள் இந்தக் கடிதத்துக்குப் பொருந்தும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மும்பை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. பொருளில் பழுது உண்டா இல்லையா என்பதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிப் பார்க்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அங்கே 4 நிமிட டெஸ்ட் செல்லாது என்று நினைக்கிறேன்.

இப்போது ஆடி மாதம் என்பதால் எங்கள் பக்கத்தில் கல்யாணம் இல்லை, பழைய வேலைகளை 16 ஜிபியில் மெதுவாக முடித்துக்கொண்டிருக்கிறேன். ஆவணி பிறந்தால் முகூர்த்தம் வரிசையாக வரும். மூன்று குடும்பங்கள் ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துவிட்டன. எனவே பதில் எழுதும்போது ‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்பதோடு நிறுத்தாமல், போர்டு எந்தத் தேதியில் வரும், லேப்டாப்பை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். சர்வீஸ் சென்டருக்கு இன்னொரு தடவை தூக்கிக்கொண்டு வர நான் தயாராக இல்லை. வீட்டுக்கு ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு மேல் எப்போது வந்தாலும் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தாராவி, மும்பை - 400017
(பெயர், செல்பேசி எண், சீரியல் எண் ஆகியவை பில் நகலில் உள்ளன)