ஆடி வரை மண்ணுக்கு: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அப்பாவும் நானும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புது வீட்டின் பின்புறம் மூன்று சென்ட் இடம் வெறுமனே கிடக்கிறது, அதில் மாவும் எலுமிச்சையும் முருங்கையும் கத்தரியும் தக்காளியும் இந்த மாதமே வைத்துவிடலாமா என்று தொலைபேசியில் கேட்டாய். பேச்சில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால் எழுதுகிறேன். ஆடி பிறக்கும் வரை ஒரு செடியும் வாங்க வேண்டாம். அதுவரை உள்ள நாட்களை மண்ணுக்கே ஒதுக்கு.

நீ அனுப்பிய படங்களை அப்பாவும் நானும் பெரிதாக்கிப் பார்த்தோம். மேல்மண்ணில் சாம்பல் பூத்தது போல வெண்மை படிந்திருக்கிறது. கோடை மழை பெய்த அன்று தண்ணீர் உள்ளே இறங்காமல் கலங்கலாக இரண்டு நாள் நின்றது என்றும், வெயில் ஏறியதும் கடப்பாரை கூட இறங்காத அளவுக்கு இறுகிவிட்டது என்றும் சொன்னாய். இவையெல்லாம் களர் மண்ணின் அடையாளங்கள். திருச்சிக்குத் தெற்கே, உங்கள் வீடு இருக்கும் மணிகண்டம், நவலூர் குட்டப்பட்டுப் பக்கம், களர் நிலம் நிறைய உண்டு. காவிரிக் கரையில் ஸ்ரீரங்கத்து வண்டல் மண்ணில் உன் தோழி வீட்டில் செழித்து நிற்கும் செடிகளைப் பார்த்துவிட்டு உன் மண்ணிடமும் அதையே எதிர்பார்க்காதே. ஒரே ஊர் என்றாலும் இரண்டும் வேறு வேறு மண்.

களர் மண்ணில் சோடியம் மிகுந்திருக்கும். அது மண் துகள்களைப் பிரித்து நுண்ணிய சேறாக்கிவிடுவதால், ஈரத்தில் மண்ணின் துளைகள் அடைபட்டுத் தண்ணீரும் காற்றும் வேருக்குப் போவதில்லை. இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. கொழுந்து இலை வெளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதுதான் காரணம். அப்போது எத்தனை மூட்டை உரம் போட்டாலும் பயன் இராது.

ஆகவே முதலில் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடு. தோட்டத்தில் ஏழெட்டு இடங்களில் மேலே கிடக்கும் சருகை நீக்கிவிட்டு, அரை அடி ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ வடிவத்தில் குழி வெட்டி, அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு சீவு மண் எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோவை நிழலில் உலர்த்திப் பையில் போட்டுக்கொள். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அதன் பிறகு வரும் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடி. திருச்சியில் உள்ள மண் பரிசோதனை நிலையத்திலோ சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரித்துக் கொடுக்கலாம். முடிவில் கார அமில நிலை 8.5க்கு மேல் இருந்தால் ஜிப்சம் தேவைப்படும். எவ்வளவு என்பதை அவர்களே கணக்கிட்டுச் சொல்வார்கள், நீயாக அள்ளிப் போட வேண்டாம். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தை மண்ணிலிருந்து விடுவித்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விடுபட்ட சோடியம் தண்ணீரோடு கீழே இறங்கிப் போக வேண்டும் என்பதால், ஜிப்சத்தைக் கொத்திக் கலந்த பிறகு சுற்றிலும் வரப்புக் கட்டி நல்ல தண்ணீரைத் தேக்கி வடியவிடுவது அவசியம். மொட்டைமாடி மழைநீர்க் குழாயைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிவிட மாப்பிள்ளையிடம் சொல். அதைவிட நல்ல தண்ணீர் உங்களுக்கு அங்கே கிடைக்காது.

பரிசோதனை முடிவு வருவதற்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வீடு கட்டியவர்கள் சாந்து கலந்த இடமும், ஜல்லி கொட்டிய இடமும், சிமெண்ட் மூட்டை உதறிய இடமும் பின்புறத்தில்தான் இருந்திருக்கும். உடைந்த செங்கலும் காய்ந்த சாந்துக் கட்டிகளும் ஒரு அடி ஆழம் வரை புதைந்திருக்கலாம். சாந்தில் உள்ள சுண்ணாம்புத்தன்மை ஜிப்சத்தால் சரியாகாது. ஆள் வைத்துத் தோண்டிச் சலித்து அப்புறப்படுத்துவதுதான் வழி. இதற்குக் கூலி கொடுக்கத் தயங்காதே. செடி வாங்க வைத்திருக்கும் பணத்தில் பெரும்பகுதி இதற்கே போனாலும் எனக்குச் சம்மதம்தான்.

அதன் பிறகு வைகாசி முதல் வாரத்தில் இடம் முழுவதும் தக்கைப்பூண்டு விதைத்துவிடு. களரையும் ஈரத்தையும் அதைப் போலத் தாங்கும் பசுந்தாள் பயிர் வேறு இல்லை. அதன் வேரில் உள்ள முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். நாற்பத்தைந்து நாளில் பூ எடுக்கத் தொடங்கும். தண்டு முற்றி நாராகும் முன் பிடுங்கி, துண்டு துண்டாக வெட்டி, மக்கிய தொழுவுரத்தோடு சேர்த்து மண்ணில் மடக்கி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள். ஆடி பிறப்பதற்குள் அது மக்கிவிடும். அப்போது ஒரு பிடி மண்ணை அள்ளி மோந்து பார். புது மண் வாசனை வரவேண்டும். புளித்த வாடை வந்தால் இன்னும் சில நாள் பொறு.

தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பாக இரண்டு சொல்லிவிடுகிறேன். சமையலறை ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றும் வழக்கம் இப்போது பல வீடுகளில் வந்துவிட்டது. உங்கள் ஆழ்துளைத் தண்ணீரில் இருக்கும் உப்பு முழுவதும் திரண்டு வருவது அந்தக் குழாயில்தான். தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்து, தோட்டத்துக்கு வேண்டாம். துணி துவைக்கும் இயந்திரத்துத் தண்ணீரும் அப்படியே, சலவைத்தூளில் சோடியம் இருக்கிறது. அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீரை மட்டும் வாழைக்குக் கொடு.

வாழை என்றதும் ரஸ்தாளிதான் வேண்டும் என்பாய். ரஸ்தாளியை வாடல் நோய் எளிதில் பிடிக்கும். ஒருமுறை அந்தப் பூஞ்சணம் மண்ணில் இறங்கிவிட்டால் பல ஆண்டுகள் போகாது. பூவன் அந்த நோயைத் தாங்கும், திருச்சிச் சீமைக்குப் பழகிய மரமும் கூட. தாயனூரில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் உன் வீட்டிலிருந்து எட்டிவிடும் தூரம்தான். நல்ல கன்றுக்கு அங்கே போய்க் கேள். குலை தள்ளும் வரை பக்கக் கன்றுகளை அவ்வப்போது அறுத்துவிட்டு, பூ வந்த பின் ஒன்றை மட்டும் விட்டு வை.

மாமரம் வேண்டாம். மூன்று சென்ட்டில் அது கிளை பரப்பினால் கீழே வேறு எதற்கும் வெயில் விழாது. களரும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சையும் உப்பைப் பொறுக்காத இனம் என்பதால் அதைப் பிறகு பார்க்கலாம். அந்த மண்ணில் துணிந்து வைக்கக்கூடியது கொய்யா. லக்னோ 49 என்ற ரகத்தில் பதியன் கன்று ஒன்று வாங்கி, இரண்டடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து நடு. கொய்யா புதிதாக வரும் கிளையில்தான் பூக்கும் என்பதால், ஆண்டுதோறும் நுனிகளை வெட்டிவிட்டால் மரம் கைக்கெட்டும் உயரத்திலேயே நின்று காய்க்கும், பேத்தியே பறித்துக்கொள்ளலாம்.

முருங்கை இல்லாமல் நம் வீட்டுச் சமையல் நடக்காது. நம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 ரக விதையை ஊன்றினால் ஆறு மாதத்தில் காய் பார்க்கலாம். வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் வைக்காதே. மழைக்காலத்தில் அடிமரத்தில் கூட்டமாக அப்பிக்கொள்ளும் கம்பளிப்பூச்சி சுவரேறி வீட்டுக்குள் வந்துவிடும், கிளையும் காற்றுக்கு முறியும். இடுப்பளவு வளர்வதற்குள் நுனியைக் கிள்ளிவிடு, பக்கக் கிளைகள் வெடிக்கும். காய்ப்பு ஓய்ந்ததும் மூன்றடி விட்டு வெட்டிவிடு. முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்பார்கள். அதன் பின்பாதியை நான் ஒருநாளும் ஏற்றதில்லை என்பது உனக்கே தெரியும். முன்பாதி மரத்தை நன்றாக அறிந்தவர்கள் சொன்ன சொல்.

காய்கறிகளில் பந்தல் கொடிகளைத்தான் உனக்கு முதலில் சொல்வேன். அவரையைப் பற்றி நீ அறிய வேண்டியது ஒன்று உண்டு. நம் பழைய கொடி அவரை, பகல் குறைந்து இரவு நீளும் காலத்தில்தான் பூக்கும். அதைத் தையில் விதைத்தால் கோடை முழுவதும் இலையும் கொடியுமாகப் படர்ந்துகொண்டே இருக்கும், பூவைக் காணமுடியாது. ஆடியில் விதைத்தால் புரட்டாசி, ஐப்பசி மழையில் பந்தலை மூடிவிட்டு, பகல் சுருங்கும் கார்த்திகை, மார்கழியில் கொத்துக் கொத்தாகப் பூத்து, பொங்கல் குழம்புக்குக் காய் கொடுக்கும். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற சொல்லுக்குப் பின்னால் மழையோடு இந்தப் பகல் இரவுக் கணக்கும் இருக்கிறது. நான் ஆடி வரை பொறு என்று வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பீர்க்கும் சுரையும் புடலும் மாலையில் பூப்பவை என்பது வேலைக்குப் போய் ஆறு மணிக்கு வீடு திரும்பும் உனக்கு மிகவும் வசதி. முதலில் வரும் பூக்களெல்லாம் ஆண் பூக்கள். அவை உதிர்கின்றன என்று கவலைப்படாதே. பிறகு, பூவுக்கு அடியில் விரல்நுனி அளவுப் பிஞ்சோடு பெண் பூ வரும். அந்திப்பூச்சிகள் இல்லாத புதுக் குடியிருப்பில் அந்தப் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடலாம். அன்று மாலை விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு கிள்ளி, இதழைப் பின்னுக்கு மடக்கிவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவு. மூன்றாம் நாள் பிஞ்சு பருத்துக் காம்பு நிமிர்ந்திருந்தால் சேர்ந்துவிட்டது என்று பொருள். பாகலும் பூசணியும் காலையில் பூப்பதால் அவற்றுக்கு இதே வேலையை விடிந்ததும் செய்ய வேண்டும். பிஞ்சு சேர்ந்ததும் பழைய வேட்டித் துணியில் சிறு பை தைத்துக் கட்டிவிடு. பழ ஈ முட்டையிடும் ஊசியைப் பிஞ்சில் இறக்கிவிட்டால் பிறகு எந்த மருந்தும் உள்ளே இருக்கும் புழுவைத் தொடாது. அழுகி விழும் காயை மண்மேல் விடாமல் ஆழமாகப் புதைத்துவிடு.

கீரையில் பாலக்கை முதலில் போடு, அது உப்பைத் தாங்கும். சிறுகீரையும் அரைக்கீரையும் மண் இளகிய பிறகு போட்டுக்கொள்ளலாம். தக்காளியும் கத்தரியும் மிளகாயும் ஒரே குடும்பம் என்பதால், இந்த ஆண்டு நட்ட பாத்தியில் அடுத்த ஆண்டு அவற்றில் எதையும் வைக்காதே.

கத்தரியில் ஒருநாள் காலை, மற்ற இலைகளெல்லாம் நிமிர்ந்திருக்க ஒரு நுனி மட்டும் தலை தொங்கி வாடியிருப்பதைப் பார்ப்பாய். தண்ணீர் போதவில்லை என்று நினைக்காதே. வாடிய இடத்துக்குக் கீழே விரலால் தடவினால் ஊசிமுனை அளவு துளையும் அதில் ஈரமான பொடியும் தட்டுப்படும். அதற்கும் இரண்டு அங்குலம் கீழே வெட்டிப் பிளந்து பார்த்தால், இளஞ்சிவப்பு வெள்ளையில் ஒரு புழு இருக்கும். அதை நசுக்கு. வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து இரண்டு கிளைகள் வெடித்து வரும். தினம் காலையில் பாத்தியை ஒரு சுற்று வந்து இப்படிப் பார்க்க முடிந்தால் பூச்சிக்கொல்லிக் கடைப் பக்கமே நீ போக வேண்டியிராது. தேவைப்படும்போது ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐம்பது கிராம் வேப்பம்பருப்பு இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் கலந்து, மாலையில் தெளி. வெயில் பட்டால் அதன் வீரியம் குறைந்துவிடும்.

பப்பாளி மாவுப்பூச்சி நினைவிருக்கிறதா? 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளை மாவாக மூடியது. அடித்த விஷம் எதுவும் நிலைத்த பலன் தரவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிறு குளவிகள் அந்தப் பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தன. கடையில் விற்கும் கடும் விஷத்தை நீ ஒருமுறை தெளித்தால் முதலில் சாவது இப்படிப்பட்ட குளவிகளும் பொறிவண்டுகளும்தான். பேத்தி கை நீட்டிப் பறித்து வாயில் போடும் காய் என்பதையும் எண்ணிப் பார்.

பரிசோதனை முடிவு வந்ததும் அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பு. அப்பாவும் பார்க்க வேண்டும் என்கிறார். தக்கைப்பூண்டு விதை உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வை. இல்லையென்றால் இங்கிருந்து பேருந்தில் போட்டு விடுகிறேன். ஆனி நடுவில் அப்பா அங்கு வரும்போது நம் வீட்டு அவரை, பீர்க்கு, சுரை, கத்தரி விதைகளைக் கொடுத்தனுப்புவேன். மற்றவை ஆடிப்பெருக்கு வரை டப்பாவிலேயே இருக்கலாம். கத்தரியை மட்டும் அவர் வந்த அன்றே நாற்றுப் பாத்தியில் தூவிவிடுங்கள், நாற்று தேற முப்பது நாளாவது வேண்டும்.

அன்புடன்,
அம்மா