கடையைத் திறக்காமலே நடத்திக் கொடுத்தவர்களுக்கு

சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலும் பக்கத்துப் புளோக்குகளிலும் இருக்கும் எல்லாருக்கும் வணக்கம். புளோக்கின் கீழே மாமா கடை (சின்ன மளிகைக் கடை) வைத்திருப்பவரின் மகள் எழுதுகிறேன்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அப்பா நேற்று கடைக்கு இறங்கி வந்தார். லிஃப்டிலிருந்து கடைக்கு நடந்து வர வழக்கத்தைவிட நாலு மடங்கு நேரம் பிடித்தது. அதில் பாதி அவர் கால் செய்த தாமதம், மீதி வழியில் நிறுத்தி நிறுத்தி விசாரித்த நீங்கள் செய்தது. என்ன நடந்தது என்று திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆம்புலன்ஸுக்கு போன் போட்டதே உங்களில் ஒருவர்தான், எங்களுக்கு முன்னால் உங்களுக்குத் தெரியும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. ஆனால் மூன்றாவது மாடி அங்கிளைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். அவர் செய்த காரியம், விடியற்காலையில் எழுந்து வருகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்குத் தெரியாது. எங்களுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

அப்பாவைக் கொண்டுபோன அன்று ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு ஓடினோம். ரொட்டி போடுகிறவர், பானம் போடுகிறவர் எல்லாரும் பூட்டிய கடையைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். பேப்பர் கட்டு அப்படியில்லை. அது ஊர் விழிக்கும் முன் வந்து ஷட்டர் ஓரம் விழுந்துவிடும். கேட்க ஆள் இல்லாவிட்டால் அங்கேயே கிடந்து சாரலில் நனையும்.

மருத்துவமனையில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, அப்பாவின் பழைய மருந்துச் சீட்டுகளை எடுக்க ஒரு நாள் விடிகாலையில் வீட்டுக்கு வந்தேன். கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையைச் சுற்றி வழக்கமான தாத்தாக்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். கடை பூட்டித்தான் இருந்தது. வெளியே அப்பா உட்காரும் பலகையில் பேப்பர்கள் வரிசையாக இருந்தன: ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், சீன மொழி லியன்ஹ சாவ்பாவ், மலாய் மொழி பெரித்தா ஹரியான், ஓரத்தில் தமிழ் முரசு. பக்கத்தில் ஒரு மைலோ டின், அதன் அடியில் ஒரு 555 புத்தகம், கணக்கு எழுதும் சின்ன நோட்டு. அங்கிள் ஸ்டூலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

முதல் நாளிலிருந்தே இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். கட்டைப் பிரித்து, உள்தாள்களைச் செருகி, அடுக்கி, காசு வாங்கி டின்னில் போட்டு, விற்காததை மறுபடி கட்டி பேப்பர்காரரிடம் ஒப்படைத்திருக்கிறார். அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். விற்ற பேப்பர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. ஐந்து கோடு சேர்ந்தால் ஒரு சீன எழுத்து முழுமையாகிறது. பக்கம் பக்கமாக அதே எழுத்து, பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் எழுதினாற்போல. அங்கிளுக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் எங்களுக்கு வரும் சில முரசுப் பிரதிகளில் ஒன்று ஒன்பதாவது மாடி ஓய்வுபெற்ற ஆசிரியைக்குப் போகவேண்டும் என்பது தெரியும். அதன் தலையில் பென்சிலால் 9 என்று எழுதித் தனியாக மடித்து வைத்திருந்தார். 1935-ல் கோ. சாரங்கபாணி தொடங்கிய பத்திரிகை அது. தாத்தா காலத்திலிருந்து எங்கள் பலகையில் அதற்கு ஓர் இடம் உண்டு. அந்த இடம் ஒரு நாள்கூடக் காலியாக இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் தொண்டையை அடைக்கிறது.

எதற்காக இவ்வளவு சிரமம் என்று கேட்டேன். பாதி மலாய், பாதி ஆங்கிலத்தில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: பேப்பர் இல்லை என்றால் இவர்கள் எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். ஒரு வாரம் அங்கே போய்ப் பழகிவிட்டால், சிகரெட்டும் அங்கேதான், ரொட்டியும் அங்கேதான். உங்கப்பா திரும்பி வரும்போது கடை இருக்கும், ஆள் இருக்காது.

நான் ஏதோ உருக்கமான பதிலை எதிர்பார்த்தேன். அவர் வியாபாரம் பேசினார். யோசித்துப் பார்த்தால் அதைவிடப் பெரிய அன்பு எனக்குத் தோன்றவில்லை. பணம் கொடுத்திருந்தால் ஒரு மாத வாடகையைக் கட்டியிருப்போம். அவர் காப்பாற்றிக் கொடுத்தது, காலையில் எழுந்ததும் இந்தப் பக்கம் கால் வைக்கும் பழக்கத்தை. எங்கள் மாதிரிக் கடைக்கு மூலதனம் என்று சொன்னால் அதுதான். அரிசி, எண்ணெய் பேரங்காடியில் மலிவு என்று எங்களுக்கும் தெரியும். அவர்கள் வாங்குகிற அளவுக்கு மொத்தமாக வாங்க எங்களால் ஆகாது. பாதிச் சமையலில் தீப்பெட்டி தீர்ந்துபோகும்போது, பிள்ளைக்கு நாளைக்கு மணிலா அட்டை வேண்டும் என்று ராத்திரி பத்து மணிக்கு ஞாபகம் வரும்போது, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வருகிறீர்களே, அதில்தான் எங்கள் பிழைப்பு. புதிதாகக் கட்டும் புளோக்குகளில் இப்படி ஒரு கடையைப் பார்ப்பதே அரிது.

சரி, மற்றவர்கள். அப்பா கடன் எழுதும் 555 புத்தகத்தில் பெயர்களே இல்லை. ‘மீசை 4.50’, ‘பூனை 7’, ‘குடை 12’ என்றுதான் இருந்தது. தம்பி மாலை நேரங்களில் கடையைத் திறக்க ஆரம்பித்ததும் நீங்களாகவே வந்து நின்றீர்கள். “பூனை நான்தான்” என்று சொல்லி ஏழு வெள்ளியை (டாலரை) நீட்டிய ஆன்ட்டிக்கும், மீசையே இல்லாத மீசைக்கும் நன்றி. அரசு வீடுகளுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டைக் கடையில் ஏற்பதற்கான செயலியைத் தம்பி போனில் போட்டுக் கொடுத்த பாலிடெக்னிக் தங்கச்சிக்கு நன்றி. அந்தச் சீட்டில் ஒரு பாதி பேரங்காடிக்கு, இன்னொரு பாதி உணவங்காடிக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும். அந்தப் பாதியை எங்களிடம் கொண்டுவந்து செலவழித்தீர்கள். அதற்கு மீதிச் சில்லறை கொடுக்க முடியாது என்பதால் 1.80 வெள்ளிச் சாமானுக்கு 2 வெள்ளிச் சீட்டைக் கொடுத்துவிட்டு, மீதிக்கு மிட்டாய் எடுத்துக்கொண்ட பெரியவர்களே, உங்கள் சர்க்கரை அளவுக்கு நாங்கள் பொறுப்பல்ல. கஞ்சி காய்ச்சி அனுப்பிய மலாய்க்கார மாச்சிக், மழைக்கு அட்டைப்பெட்டிகளை உள்ளே இழுத்துப் போட்ட துப்புரவு அண்ணன், “பணம் அடுத்த மாதம் பார்த்துக்கலாம்” என்ற சாமான்காரர், தெக்கா சந்தையிலிருந்து கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் வாங்கிவந்து கொடுத்த ஐந்தாவது மாடி அக்கா, எல்லாருக்கும்.

நேற்று அப்பா வந்ததும் முதல் வேலையாக அங்கிளின் கணக்கைப் பார்த்தார். எல்லாம் நேராக இருந்தது, டின்னில் 1.20 வெள்ளி கூடுதல் என்பதைத் தவிர. அது யாருடையது என்று இரண்டு பேருக்கும் தகராறு. நான் எண்ணத் தெரியாதவன் இல்லை என்று அங்கிளும், என் கடையில் கணக்கில்லாத காசு இருக்கக்கூடாது என்று அப்பாவும். அப்பாவுக்குப் பேச்சு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. ஆனால் அந்தத் தகராறில் பேசியதைப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் கேட்டிருந்தால் அசந்திருப்பார். அங்கிளுக்குக் கூலியாக ஏதாவது கொடுக்கப் பார்த்தோம், வாங்க மறுத்துவிட்டார். இனிமேல் சாவ்பாவ் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு, “அப்படியென்றால் வேறு கடையில் வாங்குவேன்” என்றார். அதற்கு அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை.

சனி, ஞாயிறு காலைகளில் இனி நான் திறக்கிறேன். ஐந்தரைக்குள் பலகையில் பேப்பர் இருக்கும். வார நாளில் தம்பி வேலைக்குப் போகும்வரை பார்த்துக்கொள்வான், அதன்பின் அப்பா, முடிந்த மட்டும். நடுவில் மூடியிருந்தால் அவர் சாப்பிட்டுத் தூங்குகிறார் என்று அர்த்தம், தட்டாதீர்கள். கடன் புத்தகம் தொடரும், ஆனால் பெயரோடு. பை எப்போதும்போல இலவசம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அப்பாவைப் பார்த்துப் பாவப்பட்டு ஐந்து கிலோ அரிசி மூட்டையை எங்களிடம் வாங்கிச் சுமக்காதீர்கள். வாங்க மறந்ததை வாங்க வாருங்கள், வந்தால் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போங்கள். மருத்துவர் அவரைப் பேசச் சொல்லியிருக்கிறார்.

அப்புறம், நீங்கள் சாப்பாடு அனுப்பிய பாத்திரங்கள் எல்லாம் கழுவி கவுண்டருக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறோம். நீல மூடி டப்பாக்கள் மூன்று ஒரே மாதிரி இருக்கின்றன, யாருடையது எது என்று தெரியவில்லை. பச்சைப் பூப்போட்ட மங்குக் கிண்ணம் ஒன்று, மூடி இல்லாத அடுக்குக் கேரியர் ஒன்று. இந்த வாரத்துக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். காலியாகத் திருப்பித் தரக்கூடாது என்று அம்மா எல்லாவற்றிலும் முறுக்கு போட்டு வைத்திருக்கிறார், நமத்துவிடும்.