மூளைச் சில்லு படிக்க ஆசைப்படும் உன் பையனுக்காக

அன்புள்ள குமார்,

உன் கடிதம் கிடைத்தது. கடைமடைக்கு இன்னும் தண்ணீர் வந்து சேரவில்லை, மோட்டாரை நம்பித்தான் நாற்று விட்டேன் என்று எழுதியிருந்தாய், இங்கே தஞ்சாவூர்ப் பக்கமும் அதே பேச்சுதான். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

சரி, பையன் விஷயம். மூளை வேலை செய்யும் விதத்தைப் பார்த்துச் செய்யும் கணினிச் சில்லு என்று யூடியூபில் பார்த்துவிட்டு அதைத்தான் படிப்பேன் என்கிறானாமே! நானும் அந்த ஆய்விலேயே கிடப்பதால் சொல்கிறேன், "சிந்திக்கும் இயந்திரம்" என்கிற விளம்பரத்தை நம்பி மட்டும் வர வேண்டாம். நாங்கள் மல்லுக்கட்டுவது கரண்ட் செலவோடு. மூளை ஏறக்குறைய 20 வாட்டில் ஓடிவிடுகிறது. அதில் நினைவும் கணக்கும் ஒரே இடத்தில், கணினியிலோ நினைவகம் ஓரிடம், கணக்குப் போடுவது வேறிடம். ஒவ்வொரு வேளைச் சமையலுக்கும் அரிசி எடுக்க ஊர்க்கோடிக் கிடங்குக்குப் போய் வருகிற மாதிரி, கணக்கை விட இந்த அலைச்சலுக்குத்தான் பல நேரம் மின்சாரம் அதிகம் போகிறது.

இங்கேதான் மெம்ரிஸ்டர் என்கிற மின்னணுக் கருவி வருகிறது. 1971-இல் லியோன் சுவா என்ற மின்பொறியியல் பேராசிரியர் கணிதமாக எழுதிக் காட்டியதை, 2008-இல் ஹெச்பி கணினி நிறுவனத்தின் ஆய்வகம் டைட்டானியம் டை ஆக்சைடு படலத்தில் செய்து காட்டியது. தன் வழியே ஓடிய மின்சாரத்துக்கு ஏற்ப அதன் தடை மாறும், சுவிட்சை அணைத்தாலும் அப்படியே நிற்கும், ஆக அந்தத் தடைதான் நினைவு. அதற்கு வோல்ட்டேஜ் கொடுத்து வருகிற கரண்டை அளந்தால் பெருக்கலும் அங்கேயே முடிந்தது (ஓம் விதிதான், பள்ளிக்கூடத்தில் நாம் உருப்போட்டதே).

கேட்க நன்றாக இருக்கும், செய்யும்போதுதான் உயிரை வாங்கும். நானோமீட்டர் கணக்கில் தடிமன் உள்ள படலத்துக்குள் ஆக்சிஜன் விட்டுப்போன காலி இடங்கள் நகர்வதால்தான் தடை மாறுகிறது, அவை எல்லாத் தடவையும் ஒரே மாதிரி நகர்வதில்லை. பக்கத்துப் பக்கத்துக் கருவிகளே ஒரே வோல்ட்டேஜுக்கு வேறு வேறு பதில் சொல்லும். இதை அளந்து அளந்தே எங்கள் மாணவர்களின் பிஎச்டி பாதி கழிகிறது. பெங்களூரு ஐஐஎஸ்சி-யில் (இந்திய அறிவியல் கழகம்) 2024-இல் ஒரு மூலக்கூறுப் படலத்தில் ஏறக்குறைய 16,500 தடை நிலைகளைப் பிரித்துக் காட்டினார்கள், எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ஆகவே கோடிங் மட்டும் தெரிந்தால் போதாது, இயற்பியலும் வேதியியலும் கசக்கக் கூடாது. அப்புறம், ஒரே அளவீட்டைத் திரும்பத் திரும்ப எடுக்கிற பொறுமை அவனுக்கு இருக்கிறதா? நடவு முடிந்ததும் ஒரு சனிக்கிழமை அழைத்து வா, நாள் முழுக்க ஆய்வகத்தில் உட்கார வைப்போம். சாயங்காலமும் இதே படிப்பு வேண்டும் என்றால் எங்கே சேர்ப்பது என்று பேசலாம்.

அன்புடன்,
ரவி