பைலட் பயிற்சிக்குச் சேர்க்கவிருக்கும் பெற்றோர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

ஜூன் 14, ஞாயிறு மாலை 4 மணிக்கு குன்னூர் பெட்போர்டில் எங்கள் வீட்டில் கூடுகிறோம்.

என் மகன் ஒரு மலிவுக் கட்டண விமான நிறுவனத்தில் துணை விமானி. போன மாதம் இரண்டு நாள் வந்திருந்தான். டீ டம்ளரைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனான். போன் அடித்ததும் பதறி எழுந்து, "இப்போ எந்த ஊர்லம்மா இருக்கேன்?" என்றான். எனக்கு மனசே ஆறவில்லை. சம்பளத்தை மட்டும் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்த்துவிடாதீர்கள். அன்று அவனே வந்து பேசுகிறான்.

1. இத்தனை வருடம் வேலை பார்ப்பேன் என்று எழுதிக்கொடுக்கும் பாண்டு பத்திரம் வந்திருந்தால் நகல் கொண்டுவாருங்கள். அதுவரை கையெழுத்துப் போட வேண்டாம்.
2. விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ விதிப்படி பைலட்டுகளின் வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனதே 2025 ஜூலையில்தான். இரவுப் பணி, அதிகாலை டியூட்டி எல்லாம் எப்படி என்று அவனிடம் விவரமாகக் கேளுங்கள்.
3. விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனையான கிளாஸ் 1 மெடிக்கல் தேறாமல் பயிற்சிக் கட்டணம் கட்டாதீர்கள்.
4. பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். முடிவெடுக்க வேண்டியது அவர்கள்தான்.
5. குடை மறக்க வேண்டாம்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.