சுருளை முழுசாக ஏற்றுங்கள்

சீன ஓவியங்களைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றும் அருங்காட்சியகப் பிரிவினருக்கு,

வணக்கம். மிங், சிங் அரச வம்சக் காலச் (1368–1912) சேகரிப்பாளர்களை ஆராய்கிறவர்கள் எழுதுகிறோம். உங்கள் தளங்களில் கைச்சுருளின் (கிடையாக விரித்துப் பார்க்கும் நீண்ட ஓவியச் சுருளின்) ஓவியப் பகுதி மட்டும் அருமையாகக் கிடைக்கிறது. முகப்பு எழுத்து, இடையிலுள்ள பட்டுப் பட்டைகள், வால் பகுதியில் வரிசையாக வரும் பின்னுரைகள் (உரிமையாளர்களும் பார்த்தவர்களும் எழுதிச் சேர்த்த குறிப்புகள்) எல்லாம் கத்தரிக்கப்பட்டுவிடுகின்றன. சுருள் யார் யார் கையில் இருந்தது என்று தேடும் எங்களுக்கு வேலையே அங்கேதான்.

ஓவியர் ஹுவாங் கோங்வாங் 1350இல் முடித்த ஃபூச்சுன் மலைச் சுருளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1650இல் அதன் உரிமையாளர் வூ ஹோங்யூ சாகும் தறுவாயில் அதை எரிக்கச் சொன்னார். சகோதரர் மகன் தீயிலிருந்து இழுத்தார், சுருள் இரண்டாகிப்போனது. 51 செ.மீ. துண்டு ஹாங்சோவில், ஆறு மீட்டருக்கு மேல் நீளும் துண்டு தைபேயில். கடைசியில் இருந்த, முன்னாள் உரிமையாளரும் மிங் கால ஓவியருமான தோங் சீசாங்கின் குறிப்பு, மறுபடி ஒட்டியபோது நீளத் துண்டின் முன்பக்கம் வந்துவிட்டது. கத்தரித்த படத்தில் இது தெரியவே தெரியாது.

1745இல் சிங் வம்சத்துச் சியென்லோங் பேரரசரிடம் வந்து சேர்ந்தது இந்தச் சுருளின் ஒரு நகல். அதையே அசல் என்று நம்பி, அதில் 50 தடவைக்கு மேல் எழுதித் தீர்த்தார். மறு ஆண்டு அசல் வந்தபோது, அதைப் போலி என்று எழுதவைத்தார். அந்தப் புண்ணியத்தில் அசலின் வெற்றிடம் பிழைத்தது! ஆக, அரச முத்திரை, சுருள் அரண்மனையில் இருந்ததற்குத்தான் சாட்சி, அது அசல் என்பதற்கு அல்ல.

அசல் பின்னுரைகளைப் பிரித்துப் போலி ஓவியத்தோடு ஒட்டுவது பழைய வித்தை. பிடித்துக்கொடுப்பது, இரு தாள்கள் சேரும் ஒட்டின் மேல் பாதி இங்கும் பாதி அங்குமாக விழுந்த முத்திரை. இடம் மாற்றினால் பாதிகள் பொருந்தாது, அல்லது ஒரு பாதி இருக்காது. ஆகவே ஒவ்வோர் ஒட்டையும் நேர் ஒளியில் ஒரு முறை, பக்கவாட்டில் தாழ்வாக விழும் ஒளியில் ஒரு முறை எடுங்கள். மி.மீ. அளவுகோல் முத்திரைக்கு அருகிலேயே இருக்கட்டும். இணைத்த நெடும்படத்தோடு மூலப் படங்களையும் கொடுங்கள். மென்பொருள் ஒரு மி.மீ. இழுத்தாலும் முத்திரை ஒப்பீடு வீண்.

ஓரங்களையும் விடாதீர்கள். ஜியாஷிங் ஊர்ச் சேகரிப்பாளர் ஷியாங் யுவான்பியென் (1525–1590), எழுத்து எதுவும் திரும்ப வராத ‘ஆயிரம் எழுத்துப் பாடம்’ என்ற பழைய சீனப் பாடநூலிலிருந்து ஓர் எழுத்தை வரிசை எண்ணாக மூலையில் இடுவார். சிலவற்றில் வாங்கிய விலையையும் எழுதியிருக்கிறார்.

சுருளைப் பற்றி நீங்கள் எழுதும் பதிவேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘பழைய சேகரிப்பு நூலில் உள்ளது’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த நூல், எந்தப் பதிப்பு, அங்கே தந்த அளவு உங்கள் சுருளோடு ஒத்துப்போகிறதா என்று குறியுங்கள். ஜாங் தாய்ஜியே 1633இல் வெளியிட்ட பட்டியலே போலிகளுக்குப் பின்புலம் சேர்க்கப் புனைந்ததுதான். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் சீனச் சுழற்சி ஆண்டின் பெயரை மட்டும் பார்த்துத் தேதி போடுவதும் ஆபத்து: ‘பிங்யின்’ என்ற ஆண்டுப் பெயர் 1686, 1746, 1806 மூன்றுக்கும் பொருந்தும். மூல எழுத்தை ஒரு கட்டத்திலும் உங்கள் கணிப்பை இன்னொரு கட்டத்திலும் வையுங்கள்.

விரிக்கும் ஒவ்வொரு முறையும் சுருளுக்குச் சேதம் என்பது தெரியும். வெட்டாத கோப்பு ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் அதையே ஏற்றிவிடுங்கள். பெட்டி, உறை, தலைப்புச் சீட்டு ஆகியவற்றைப் படமெடுக்கச் சுருளைத் திறக்கவே வேண்டாம். அந்த வேலையை இப்போதே தொடங்கலாம்.