இப்போதைக்கு அந்த வீட்டிலேயே இரு

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதியதை அம்மாவும் நானும் படித்தோம். "பேசாமல் ஊருக்கே வந்துவிடட்டுமா அப்பா?" என்று கேட்டிருந்தாய். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போது வர வேண்டாம். அமெரிக்காவில், ராலேயில், குடியை விட்டவர்கள் சேர்ந்து வாழும் அந்த வீட்டிலேயே இரு. உன்னைப் பார்க்காமல் அம்மா படும் பாடு எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் இருக்கிறேன். ஆனாலும் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித்தான் இந்த முடிவுக்கு வந்தோம். காரணத்தை எழுதுகிறேன், நிதானமாகப் படி.

நீ வந்தால் இங்கே என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பெரியப்பா ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார். "ஒரு கால்கட்டு போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். அத்தை கோபியில் ஒரு பெண் இருப்பதாகச் சொல்லி ஜாதகம் வரைக்கும் போய்விட்டாள். உன்மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் யாரோ வீட்டுப் பெண்ணைக் கொண்டுவந்து உன் குடிக்குக் காவல் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அது அவளுக்குச் செய்யும் அநியாயம்.

அப்புறம் ஊர். 2003ல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். உன் வயதுப் பையன்கள் எல்லாரும் அந்தக் கடைகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள். கல்யாணம், கிடாவெட்டு, ஒருவர் ஊரிலிருந்து வந்தார் என்றால்கூடப் போதும், மாலையில் பாட்டில் வந்துவிடும். நம் தெருவில் ஒருவர் சிகிச்சைக்குப் போய் முகம் தெளிந்து திரும்பினார். பழைய சிநேகிதர்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் அவருக்காகக் காத்திருந்தார்கள். அதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

சிகிச்சை நம் பக்கத்திலும் நல்லதாகவே கிடைக்கிறது. சாந்தி ரங்கநாதன் அம்மையார் தன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்துவிட்டு, அந்தத் துக்கத்தோடேயே 1980ல் சென்னையில் சிகிச்சை மையம் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்றால் எல்லாருக்கும் தெரியும். எத்தனையோ குடும்பங்கள் அவரைக் கும்பிடுகின்றன. ஆனால் சிகிச்சை முடிந்து வெளியே வருகிறவர்களில் பெரும்பாலோர் போவது அதே தெருவுக்கு, அதே அறைக்கு. வீட்டார் வாயை முகர்ந்து பார்ப்பார்கள், சட்டைப்பையைத் தடவுவார்கள். நாங்களும் அதைத்தான் செய்வோம் தம்பி. நீ பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் அம்மா வாசலில் நிற்பாள். நீ வழுக்கினாலும் உன்னை வெளியே போகச் சொல்ல எங்களால் முடியாது. மன்னிப்போம், மறைப்போம், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் காய்ச்சல் என்போம். பெற்றவர்களால் செய்ய முடியாத ஒன்றை உன்னோடு இருக்கும் ஏழு பேர் செய்கிறார்கள். அதனால்தான் அங்கே இரு என்கிறேன்.

நீ அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து ஆக்ஸ்போர்டு ஹவுஸ் என்றால் என்ன என்று நான் படித்துக்கொண்டே இருக்கிறேன். உனக்குத் தெரியாததும் இதில் இருக்கலாம். 1975ல் மேரிலாண்டில், சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில் தொடங்கியது. பால் மொலாய் என்பவர் செனட் கமிட்டி ஒன்றில் வேலை பார்த்த வக்கீல், குடியால் வேலையையும் குடும்பத்தையும் இழந்தவர். கவுண்டி, அதாவது மாவட்ட, நிர்வாகம் குடியிலிருந்து மீள்கிறவர்களுக்காக நடத்திய ஒரு விடுதியில் இருந்தார். அங்கே ஆறு மாதம்தான் தங்கலாம். கெடு முடிந்து வெளியே அனுப்பப்பட்டவர்களில் பலர் மறுபடி குடித்ததை அவர் பார்த்தார். பிறகு பணம் இல்லை என்று அந்த விடுதியையே மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். உள்ளே இருந்த பதின்மூன்று பேரும் கூடிப் பேசி, நாமே வாடகைக்கு எடுத்து நடத்துவோம் என்று முடிவு செய்தார்கள். மது மறந்தோர் கூட்டத்தில் பழகிய ஒருவர் 750 டாலர் கைமாற்றாகக் கொடுத்தார். அதுதான் முதலீடு.

அந்தப் பதின்மூன்று பேரும் ஊரால் கைகழுவப்பட்டவர்கள். வீடு கொடுக்கிற ஆள்கூட யோசிக்கிற நிலைமை. வார்டன் கிடையாது, மேனேஜர் கிடையாது, சம்பளத்துக்கு ஓர் ஆள் கிடையாது. ஆனாலும் மிச்சம் பிடித்து அடுத்த வீட்டைத் தொடங்கினார்கள். இன்று அந்த நாட்டில் அப்படி மூவாயிரத்துக்கும் மேல் வீடுகள். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, பிள்ளைகளோடு வரும் தாய்மார்களுக்கும் உண்டு. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

அவர்கள் வைத்த விதிகள் மூன்றுதான். வீட்டை ஓட்டுப் போட்டுத் தாங்களே நடத்த வேண்டும். செலவைத் தாங்களே பங்கிட்டுக் கட்ட வேண்டும். குடித்தாலோ போதைப்பொருள் எடுத்தாலோ உடனே வெளியே போக வேண்டும். இந்த மூன்றாவதைப் பற்றித்தான் உன் கடிதத்தில் பாதி இருந்தது. அதனால் அதைப் பற்றித்தான் நானும் அதிகம் எழுதப் போகிறேன்.

உன் அறைத்தோழர் குடித்துவிட்டு வந்ததும், அன்றைக்கே கூட்டம் போட்டு அவரைப் போகச் சொன்னதும், நீயும் கை தூக்கியதும் உன்னை அரித்துக்கொண்டே இருக்கிறது என்று தெரிகிறது. "நானும் காரில் படுத்துக் கிடந்தவன்தானே, இன்னொருவனை எப்படித் தெருவுக்கு அனுப்பினேன்?" என்று எழுதியிருந்தாய். உனக்கு இந்தக் கேள்வி வந்ததே எனக்குப் பெரிய ஆறுதல். அது வராதவன் அந்த மாதிரி வீட்டில் ஓட்டுப் போடக் கூடாது.

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். அந்த விதி கடுமையானது. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று அந்த வீட்டில் உன்னோடு இன்னும் ஏழு பேர் படுத்திருந்தார்கள். அதில் ஒருவர் சிறையிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒரு பாட்டில் உள்ளே வந்தால் அது ஒருவரோடு நிற்காது. அவருக்கு இடம் விட்டால் மற்ற எல்லாருக்கும் இடம் போய்விடும். அவரும் உள்ளே வரும்போது இந்த விதிக்குச் சரி என்று சொல்லித்தான் வந்தார். முதலாளி வெளியேற்றுவதும், ஒரே பாதையில் நடக்கிறவர்கள் சேர்ந்து வெளியேற்றுவதும் ஒன்றாகாது. அந்த வீட்டில் வேறு எந்தக் கெடுவும் கிடையாது என்பதையும் நினைத்துப் பார். குடிக்காமல், பங்கைக் கட்டி, தொல்லை கொடுக்காமல் இருந்தால் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருக்கலாம். இவ்வளவு பெரிய வாசலைத் திறந்து வைத்திருப்பவர்கள் அந்த ஒரு விஷயத்தில் கறாராக இல்லாவிட்டால் வீடு நிற்காது.

ஆனால் ஓட்டுப் போட்டதோடு கடமை முடிந்தது என்றும் நினைக்காதே. கார் வரும்வரை அவரோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தாய், போதை தெளியவைக்கும் டிடாக்ஸ் மையத்தில் படுக்கை இருக்கிறதா என்று போன் செய்து கேட்டாய் என்று ஒரே வரியில் எழுதித் தாண்டிவிட்டாய். அதுதான் பெரிய காரியம். தொடர்ந்து போய்ப் பார். சாப்பிட்டாரா என்று கேள். தெளிந்தபின் மறுபடி விண்ணப்பித்தால் அவருக்காகப் பேச நீ இரு.

குடியை விட்டால்தான் வீடு என்று சொல்லாத முறையும் அமெரிக்காவிலேயே இருக்கிறது. நியூயார்க்கில் 1992ல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கியது. முதலில் வீட்டைக் கொடு, மற்றதெல்லாம் பிறகு என்பது அவர் வழி. தெருவில் வருஷக்கணக்காகக் கிடந்தவர்கள்கூட அப்படிக் கிடைத்த வீட்டில் நிலைத்திருக்கிறார்கள். சிலர் இந்த இரண்டு முறைகளையும் எதிரும் புதிருமாக வைத்து வாதாடுகிறார்கள். எனக்கு அது புரியவில்லை. உன் தோழரைப் போல இன்னும் விட முடியாதவருக்கும் ராத்திரி படுக்கக் கூரை வேண்டும். உன்னைப் போல விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டிருப்பவருக்குப் பாட்டிலே இல்லாத வீடு வேண்டும். இரண்டையும் கட்டித்தான் ஆக வேண்டும்.

உனக்கு இது பலிக்குமா என்றும் கேட்டிருந்தாய். சிகாகோ டிபால் பல்கலைக்கழகத்தில் லெனர்ட் ஜேசன் என்ற பேராசிரியர் இந்த வீடுகளைப் பல வருஷமாக ஆராய்கிறார். சிகிச்சை முடித்த 150 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை இந்த வீடுகளுக்கும் மீதிப் பேரை வழக்கமான தொடர்சிகிச்சைக்கும் அனுப்பினார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், வழக்கமான முறையில் போனவர்களில் 64.8 சதவீதம் பேர் மறுபடி குடிக்கோ போதைக்கோ போயிருந்தார்கள். இந்த வீடுகளுக்குப் போனவர்களில் 31.3 சதவீதம். 2006ல் வெளியானது. இந்த வீடுகளிலும் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் விழுந்திருக்கிறார் என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. வங்கியில் காலமெல்லாம் எண்களோடு கிடந்தவன் சொல்கிறேன், இது சின்ன வித்தியாசம் இல்லை.

எதிர்வீட்டு அம்மாள் உங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறார் என்றாயே, அதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் எட்மண்ட்ஸ் என்ற ஊர் நிர்வாகம், தனிக்குடும்பங்கள் வாழும் பகுதியில் உறவில்லாதவர்கள் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்து இருக்கக் கூடாது என்று இந்த மாதிரி வீடு ஒன்றின்மேல் நடவடிக்கை எடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1995ல் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் வீட்டின் பக்கம். ஊர் தன் குடும்ப விதியைக் காட்டி, வீட்டு வசதியில் பாரபட்சம் கூடாது என்ற சட்டத்திலிருந்து தப்பிக்க முடியாது என்றார்கள். குடியிலிருந்து மீள்கிறவர்களுக்கும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அதனால் தலையைக் குனிந்துகொண்டு நடக்காதே. நீங்கள் யாருடைய தயவிலும் அந்தத் தெருவில் இல்லை. அந்த அம்மாளிடம் கோபப்படவும் வேண்டாம். பார்த்தால் வணக்கம் சொல், குப்பைத்தொட்டியை நேரத்துக்கு எடுத்து வை, புல்லை வெட்டு. மெல்லப் பழகிவிடுவார்.

உன்னைப் பொருளாளராகத் தேர்ந்தெடுத்த செய்தியை அம்மாவிடம் சொன்னதும் அவள் அழுதுவிட்டாள். எனக்கும் பெருமையாக இருந்தது. குடித்த நாட்களில் உன்னை நம்பி யாரும் பத்து டாலர் கொடுத்திருக்க மாட்டார்கள். இன்று ஏழு பேர் வாடகைப் பணத்தையும் செக் புத்தகத்தையும் உன் கையில் கொடுத்திருக்கிறார்கள். கணக்கை அன்றன்றைக்கே எழுது. ரசீது இல்லாமல் ஒரு டாலரும் வெளியே போகக் கூடாது. வாரக் கூட்டத்தில் யாரும் கேட்பதற்கு முன்னால் நீயே எல்லாவற்றையும் படித்துக் காட்டு. யாராவது பங்கு கட்டாமல் இழுத்தால் மறைக்காதே, அவர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் சரி.

அம்மா ஒரு பார்சல் கட்டிவைத்திருக்கிறாள். பருப்புப்பொடி, கொள்ளுப்பொடி, அரிசியும் பருப்பும் சாதத்துக்கு வேண்டிய சாமான். உன் சமையல் முறை வரும்போது எல்லாருக்கும் அதைச் செய்து போடு. உடம்பு தேற தசமூலாரிஷ்டம் ஒரு பாட்டில் வைத்திருந்தாள், நான் எடுத்துவிட்டேன். அரிஷ்டம் எல்லாமே புளிக்கவைத்துச் செய்வது, தானாகவே ஆல்கஹால் உண்டாகியிருக்கும். பக்கத்து ஊர் கேரியில் இருக்கும் நம் ஆட்கள் யாராவது அன்பாகக் கொடுத்தாலும் வாங்காதே. இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் திரவம் எல்லாவற்றிலும் லேபிளைப் படி.

பணம் வேண்டுமா என்று நான் கேட்கப் போவதில்லை. வாரப் பங்கை நீயே சம்பாதித்துக் கட்டுகிறாய், அது அப்படியே இருக்கட்டும். அந்தக் கிடங்கு வேலை உன் படிப்புக்குக் குறைவு என்று அத்தை சொல்வதை மனதில் போட்டுக்கொள்ளாதே. கம்ப்யூட்டர் வேலை எங்கேயும் ஓடிவிடாது.

விசா கிடைத்தால் நாங்கள் இருவரும் கோடையில் வருகிறோம். உங்கள் வீட்டில் தங்க மாட்டோம், பக்கத்தில் அறை எடுத்துக்கொள்கிறோம். அந்த ஏழு பேரையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

காலியான படுக்கைக்கு ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார், இந்த வாரம் நேர்காணல் என்றாயே. புதியவரைச் சேர்க்க நூற்றுக்கு எண்பது ஓட்டு என்றால் உன்னையும் சேர்த்து எட்டுப் பேரில் ஏழு பேர் சரி சொல்ல வேண்டும். அவர் வீடில்லாதவர்கள் தங்கும் ஷெல்டரில் இருந்து வருகிறார் என்பதால் துணிமணி, போர்வை ஒன்றும் இருக்காது. உன்னிடம் இருக்கும் இரண்டாவது கம்பளியைக் கொடு. கூட்டம் முடிந்ததும் என்ன முடிவானது என்று எழுது.

அன்புடன்,
அப்பா
ஈரோடு