யாக் கர்க்காவில் அன்றிரவு அடுப்பை அணைக்காத ஆமாவுக்கு

அன்னபூர்ணா மலைப் பயணத்தில், ஆக்ஸிஜன் குறைவதால் வரும் உயர நோயில் விழுந்த என் தோழி வீடு வந்து சேர்ந்துவிட்டாள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். நேற்று மாலை சேலத்தில் அவளுடைய வீட்டுக் கூடத்தில், தரையில் ஓடும் கறுப்புக் கோட்டின்மேல் ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொடும்படி அடிமேல் அடி வைத்து, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடந்து காட்டினாள். நேபாள மலையூரான மணாங்கில் மருத்துவர் அவளை நடக்கச் சொன்னதும் இதே நடைதான். அன்று இரண்டாவது அடியிலேயே சாய்ந்துவிட்டாளாம். நேற்று ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. அவளுடைய அம்மா ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குள் போய்விட்டார். நான் வாசலுக்கு வந்து அழுதேன்.

இதைப் படிக்கும் உங்களுக்கு நடந்தது தெரியும். பதினோரு நாட்களாக ஆளுக்கொரு திசையில் போன் செய்துகொண்டிருந்தவர்கள் நீங்கள்தானே. அதனால் அதை மறுபடியும் சொல்லப்போவதில்லை. உங்களில் யாரும் பார்த்திராத ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவரை நான் ஆமா என்று அழைத்தேன். நேபாளியில் ஆமா என்றால் அம்மா. நம் காதுக்கு அது 'ஆமாம்' என்பதுபோலக் கேட்கும். அந்த இரவில் எனக்கு அப்படித்தான் கேட்டது.

யாக் கர்க்கா ஏறத்தாழ 4,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கர்க்கா என்றால் மேய்ச்சல் நிலம். அன்னபூர்ணா மலைச்சுற்றில் மணாங்கைத் தாண்டி, 5,416 மீட்டரில் இருக்கும் தொரோங் லா கணவாய்க்கு ஏறுகிறவர்கள் ஓர் இரவு தங்கிப் போகும் இடம். அங்கிருந்து மாலை ஏழு மணிக்கு அவளை முதுகில் சுமந்துகொண்டு மணாங்குக்கு இறங்கினார்கள். தூத்துக்குடி நண்பன் முன்னாலேயே மருத்துவர்களுக்குச் செய்தி சொல்ல ஓடிவிட்டான். கும்பகோணத்து நண்பனும் வழிகாட்டி அண்ணனும் அவளோடு போனார்கள். என் முழங்கால் வீங்கியிருந்தது. "இருட்டில் நீங்களும் விழுந்தால் இரண்டு பேரைச் சுமக்க வேண்டியிருக்கும், மூட்டைகளோடு இங்கேயே இருங்கள்" என்றார் வழிகாட்டி அண்ணன். அவர் சொன்னது சரி. ஆனால் அந்த நெற்றி விளக்குகள் ஒவ்வொன்றாக வளைவில் மறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றது, என் வாழ்க்கையில் நான் செய்த எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் நான்கு மூட்டைகளும் நானும். அந்த உயரத்தில் மரங்கள் இல்லை. யாக் மாட்டுச் சாணத்தைத் தட்டிச் சுவரில் காயவைத்து எடுத்த வறட்டிதான் விறகு. சமையல் வாயுவும் மணாங்வரை ஜீப்பில் வந்து அதற்குமேல் கோவேறு கழுதை முதுகில்தான் ஏற வேண்டும். ஆகவே அங்கே மாலையில் கூடத்து அடுப்பை மூட்டுவார்கள், சாப்பாடு முடிந்ததும் தானாக அணைய விட்டுவிடுவார்கள். எட்டு மணிக்கெல்லாம் எல்லோரும் போர்வைக்குள் போய்விடுவார்கள். அன்றும் போய்விட்டார்கள். ஆமா விளக்கை அணைக்க வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கலாம். என்னைப் பார்த்தார். ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு கூடை உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கூடவே தரையில் வைத்துக் காலால் அழுத்திக்கொள்ளும் வெட்டுமனை ஒன்று. நம் அரிவாள்மனைக்கு உடன்பிறந்தது போல இருந்தது. "ஆலு" என்றார். எனக்கு இந்தி அரைகுறை, அவருக்கு அதுவும் இல்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒரு சொல்தான்.

வீங்கிய காலை நீட்டி, மற்றக் காலால் மனையை அழுத்திக்கொண்டு தோல் சீவத் தொடங்கினேன். அவர் அடுப்பில் இரண்டு வறட்டிகளை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து கம்பளி நூற்றார். கூடை முடிந்தது. இன்னொரு கூடை வந்தது. வறட்டி எரிந்து அடங்கும்போதெல்லாம் எழுந்துபோய் இன்னும் இரண்டு வைத்தார். சுவரோரம் இடுப்பளவு அடுக்கியிருந்த வறட்டி விடியும்போது முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. அந்தக் குடும்பம் அதை எத்தனை நாள் பொறுக்கிச் சேர்த்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போது அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் தாத்தா இறந்த அன்று, அழவும் தெரியாமல் மூலையில் நின்ற என்னைப் பக்கத்து வீட்டு அத்தை இழுத்து உட்காரவைத்து, மடியில் ஒரு படி உதிரி மல்லிகையையும் நூல்கண்டையும் போட்டார். "மாலை பத்தாது, கட்டு" என்றார். எனக்குப் பன்னிரண்டு வயது. சாவு வீட்டில் குழந்தையிடம் எதற்கு வேலை சொல்கிறார் என்று கோபம் வந்தது. பல வருடங்கள் கழித்து, உலகத்தின் இன்னொரு கூரையின் கீழ், அந்த அத்தையின் கை எனக்குப் புரிந்தது. கை சும்மா இருந்தால் மனம் என்னவெல்லாம் செய்யும் என்று தெரிந்தவர்கள் இந்தப் பெண்கள்.

என் மனம் செய்யக் காத்திருந்ததையும் சொல்லிவிட வேண்டும். அவசரப்பட்டது நான். சென்னை சென்ட்ரலில் ராப்தி சாகர் ரயில் ஏறி, கோரக்பூரில் இறங்கி, சுனௌலியில் எல்லையை நடந்தே தாண்டி, பொக்ராவில் ஃபேவா ஏரியில் படகு விட்டுக்கொண்டு பாடியதுவரை நாங்கள் நால்வரும் ஒரே உடம்பாக இருந்தோம். சண்டை பேசிசகரில் தொடங்கியது. ஏறத்தாழ 800 மீட்டரில் இருக்கும் அந்த ஊரிலிருந்து நடப்போம், உடம்பு பழகட்டும் என்றாள் சேலத்துக்காரி. ஜீப்பில் போனால் நான்கைந்து நாள் மிச்சம், எனக்கு விடுமுறை இல்லை என்றேன் நான். ஒரே நாளில் 3,540 மீட்டரில் இருக்கும் மணாங்கில் போய் இறங்கினோம். 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் இரவும் தூங்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் முழுதாக ஓய்வெடுக்க வேண்டும் என்பது மலையேறுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி. அங்கே இரண்டு இரவு தங்கலாம் என்றாள். ஓர் இரவு போதும் என்றேன். பிற்பகலில் மருத்துவர்கள் உயர நோயைப் பற்றிப் பேசுவார்கள், கேட்டுவிட்டுப் போகலாம் என்றாள். எல்லாம் படித்ததுதானே என்றேன். மறுநாள் அவளுக்குத் தலைவலி வந்தபோதும், பேச்சு குழறியபோதும், தூக்கம் போதவில்லை என்று சொன்னது நான்தான். பொதுப் பணத்தில் வெந்நீர்க் குளியலுக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்று முந்தின நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததும் நான்தான். கடைசியாக அவளிடம் நான் ஒழுங்காகப் பேசிய சொல் எது என்று தேடிக்கொண்டே தோல் சீவினேன்.

ஒன்றரை மணிக்கு ஆமாவின் மகனுடைய போன் அடித்தது. அவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆமா, என் பக்கம் திரும்பி, கையிலிருந்த நூற்கும் கதிரை நெஞ்சில் வைத்து மூச்சை நீளமாக இழுத்துக் காட்டினார். ஆக்ஸிஜன் கொடுத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. "டீக், டீக்" என்றார். அதற்குப் பிறகும் அவர் படுக்கப் போகவில்லை. நானும் சீவுவதை நிறுத்தவில்லை.

விடிந்ததும் தங்கியதற்கும் பருப்புச் சோற்றுக்கும் மட்டும் கணக்குப் போட்டார். அடுப்பைக் காட்டி எவ்வளவு என்று கேட்டேன். வேண்டாமென்று தலையை ஆட்டினார். தலையணைக்கு அடியில் கொஞ்சம் பணத்தை வைத்துவிட்டுக் கிளம்பினேன். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் மகனை ஓடவிட்டு அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். கிளம்பும்போது என் மேல்சட்டையின் இரண்டு பைகளிலும் அவித்த உருளைக்கிழங்கை ஒவ்வொன்றாகப் போட்டிருந்தார். சாப்பிட என்று நினைத்தேன். அவர் தன் இரு கைகளையும் இடுப்புப் பக்கம் ஒடுக்கிக் காட்டினார். கை விறைக்காமல் இருக்க. அந்தச் சூட்டைப் பிடித்துக்கொண்டுதான் கோலை அக்குளில் இடுக்கியபடி மணாங்வரை இறங்கினேன்.

ஹெலிகாப்டர் வர இன்னும் நேரம் இருந்தது. அவள் முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடி. மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஒரு கிழங்கை உரித்துக் கொடுத்தேன். பாதி தின்றுவிட்டு முகமூடியை விலக்கி, "உப்பு இல்லையா?" என்றாள். நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் உப்புத் தேடப் போனோம்.

இனி மற்றவர்களுக்கு. உங்கள் ஒவ்வொருவருக்கும் தனி மடல் எழுத வேண்டும், எழுதுவேன். இப்போதைக்குச் சேர்த்துச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வேறொரு குழுவின் சுமைகளை இறக்கி வைத்துவிட்டு, எங்களவளை மாற்றி மாற்றிச் சுமந்த நான்கு அண்ணன்மாருக்கு. அந்த இரவுக்கு அவர்களை எங்களுக்கு விட்டுக்கொடுத்த, உயர நோயில் மூளை வீக்கத்தைக் குறைக்கும் தன் டெக்ஸாமெத்தசோன் மாத்திரைகளையும் தந்த கொரியப் பெரியவருக்கு. எங்களைவிட முன்னதாக அபாயத்தைக் கண்டுகொண்டு, காலைவரை பொறுக்கலாமா என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காத வழிகாட்டி அண்ணனுக்கு. 1973-இல் தொடங்கிய, மலையில் நோயுறுவோருக்கு உதவும் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மணாங் மையத்தில், தங்கள் ஊரையும் வருமானத்தையும் விட்டு வந்து பருவம் முழுக்கத் தன்னார்வத்தோடு பணிபுரியும் மருத்துவர்களுக்கு. காத்மாண்டு மருத்துவமனையில் இரவு மாற்றிக் கண்விழித்த செவிலியர்களுக்கு. காப்பீட்டுத் தாள்களைப் பிடித்துக்கொண்டு நாட்கணக்கில் அலைந்த கும்பகோணத்தானுக்கும் தூத்துக்குடியானுக்கும். போனில் ஒரு வார்த்தை குறை சொல்லாமல், "நீ சாப்பிட்டாயா அம்மா?" என்று என்னிடம் கேட்ட அவளுடைய அப்பாவுக்கு. அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என் பாட்டிக்கும் ஒரு வார்த்தை. ஆழ்வார்கள் பாடிய 108 திருப்பதிகளில் நேபாளத்தில் இருப்பது முக்திநாத் ஒன்றுதான். கணவாய்க்கு அந்தப் பக்கம். அங்கே 108 தாரைகளில் விழும் தண்ணீரைப் பிடித்துவர பாட்டி கொடுத்தனுப்பிய பித்தளைச் சொம்பு வெறுமையாகத் திரும்பியிருக்கிறது. எதற்காக இவ்வளவு அவசரப்பட்டேனோ அதில் இதுவும் ஒன்று என்று பாட்டியிடம் சொன்னேன். சொம்பைப் புளி போட்டுத் துலக்கி மறுபடி என் பையிலேயே வைத்தார். "தண்ணீர் எங்கே போகப்போகிறது?" என்றார்.

அடுத்த ஐப்பசியில் நால்வரும் போகிறோம். பேசிசகரிலிருந்து நடந்து. ஜீப் கிடையாது, விடுமுறை கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டுப் போவேன். மணாங்கில் அவள் சொல்லும் நாள்வரை தங்குவோம், பிற்பகல் பேச்சில் முன்வரிசையில் உட்காருவோம். யாக் கர்க்காவுக்குப் போகும்போது வழியில் கிடைக்கும் சாணத்தையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போவேன். அந்தச் சுவரோர அடுக்கு மறுபடி இடுப்பளவு ஆகும்வரை கணவாயைப் பற்றிப் பேசமாட்டேன்.

அதுவரை ஆமா காத்திருக்க வேண்டியதில்லை. கோவையிலிருந்து இருவர் அடுத்த வாரம் அந்த வழியாகப் போகிறார்கள். அவர்கள் கையில் ஒரு புகைப்படம் கொடுத்தனுப்புகிறேன். பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை, என் எழுத்து ஆமாவுக்குப் புரியாது. சேலத்து அடுக்களையில் அரிவாள்மனைமுன் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு கூடை உருளைக்கிழங்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் சிரிக்கும் படம் அது.